மாத்தின கிட்னிய உடம்பு தள்ளிவிடாம பாத்துக்கறது எப்படி: நான் பண்றது, நான் பட்டது

எனக்கு 2019-ல கிட்னி மாத்தினாங்க, எங்கம்மாதான் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் டயாலிசிஸ் யூனிட்ல பழகினவங்க, அவங்க சொல்லி வர்றவங்கன்னு நிறைய பேர் போன் பண்ணுவாங்க, எல்லாரும் கேக்கறது ஒன்னுதான், "ரிஜெக்ஷன் வராம இருக்க என்னக்கா பண்ணனும்". போன்ல ஒவ்வொருத்தருக்கா சொன்னா பாதி விட்டுப்போகுது, அதான் உக்காந்து எழுதறேன். நான் டாக்டர் இல்ல, உங்க டோஸ், உங்க லெவல் எல்லாம் உங்க நெப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) சொல்றதுதான் கணக்கு. ஆனா டாக்டர் பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத வீட்டு விஷயம் நிறைய இருக்கு, அதுல தப்பு பண்ணி ஒருதடவை கிட்னிய இழக்கற அளவுக்கு போயிட்டு வந்திருக்கேன், அதையும் சொல்றேன்.

முதல்ல ஒன்னு மனசுல வாங்கிக்கங்க. அம்மா கிட்னியோ அண்ணன் கிட்னியோ, நம்ம உடம்புக்கு அது வெளியாள்தான். கிட்டத்தட்ட ஒவ்வொரு செல் மேலயும் எச்.எல்.ஏ.ன்னு ஒரு அடையாளம் இருக்கு, நம்ம வெள்ளை அணுக்கள் அத பாத்துதான் இது நம்ம ஆளு இது வேற ஆளுன்னு பிரிக்கும். 1954-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஜோசப் முர்ரே பண்ணின முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அச்சா ஒரே ஜாடை இருக்கற இரட்டை சகோதரர்களுக்குள்ள நடந்தது, ரெண்டு பேருக்கும் அடையாளம் ஒன்னுங்கறதால மருந்தே இல்லாம ஒத்துக்கிச்சு. நமக்கு அந்த யோகம் கிடையாது. அஞ்சு வருஷம் ஆனாலும் பத்து வருஷம் ஆனாலும் உடம்பு அத வெளியாளாத்தான் பாக்கும், மாத்திரைதான் அத அமைதியா வெச்சிருக்கு, அதனால "இப்ப செட்டாயிடுச்சுல்ல, கொறச்சுக்கலாமே"ன்னு சொந்தக்காரங்க யார் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க.

ரிஜெக்ஷனை தடுக்கற வேலை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. எனக்கு முதல்ல கிட்னி தர்றேன்னு நின்னது என் வீட்டுக்காரர். ரத்த குரூப் ஒன்னு, அவருக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல, எல்லா டெஸ்ட்டும் நல்லா வந்துச்சு, கடைசில க்ராஸ்மேட்ச் பாசிட்டிவ்னு வந்துடுச்சு. பாசிட்டிவ்னதும் நல்லதுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டோம், கோஆர்டினேட்டர் பொண்ணு உக்கார வெச்சு சொல்லுச்சு, "அக்கா, இதுல பாசிட்டிவ்னா ஆகாதுன்னு அர்த்தம்". அவர் வெள்ளை அணுக்களை என் சீரத்தோட (ரத்தத்துல அணு நீக்கின தெளிஞ்ச நீர்) கலந்து பாத்தப்போ என் ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி, அதாவது வெளியாள எதிர்க்க உடம்பே செய்யற பொருள், அத அடிச்சிருக்கு. ஏன்னா எனக்கு மூணு பிரசவம். புள்ளைங்க வயித்துல இருக்கறப்போ அவங்க உடம்புல பாதி அப்பாவோட அடையாளம், அத என் உடம்பு அப்பவே வெளியாள்னு பாத்து ஆன்டிபாடி செஞ்சு வெச்சிருந்திருக்கு, இத்தனை வருஷம் கழிச்சு அவர் கிட்னிக்கு அது எதிரா நிக்குது. அன்னிக்கு அவர் அழுததை நான் மறக்கல. பொண்டாட்டிக்கு புருஷன் கொடுக்கறப்போ இது நடக்கலாம், யாரோட தப்பும் இல்ல, முன்னாடியே தெரிஞ்சா மனசு இவ்ளோ உடையாது.

இந்த க்ராஸ்மேட்ச் ஏன் இவ்ளோ முக்கியம்னா, 1969-ல பட்டேல், தெராசாகின்னு ரெண்டு பேர் கணக்கு போட்டு காட்டினாங்க, க்ராஸ்மேட்ச் பாசிட்டிவா இருந்தும் மாத்தின 30 பேர்ல 24 பேருக்கு கிட்னி உடனே போயிடுச்சு, நெகட்டிவா இருந்த 195 பேர்ல 8 பேருக்குத்தான் அப்படி ஆச்சு. இன்னிக்கு இத பாக்காம யாரும் தியேட்டருக்குள்ள கூட்டிட்டு போறதில்ல, சில பேருக்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி, டி.எஸ்.ஏ.ன்னு, கொடுக்கறவருக்கு எதிரான ஆன்டிபாடிய தேடற இன்னும் நுணுக்கமான டெஸ்ட்டும் எழுதுவாங்க, செலவு ஜாஸ்தின்னு தட்டிக்கழிக்காதீங்க, ஏற்கனவே பிரசவம் ஆனவங்க, ரத்தம் ஏத்தினவங்க, ரெண்டாவது தடவை மாத்தறவங்க கண்டிப்பா கேட்டு பண்ணிக்கங்க.

ரத்தம் ஏத்தறதுன்னதும் ஞாபகம் வருது. டயாலிசிஸ்ல இருக்கறப்போ ஹீமோகுளோபின் கொறையும், ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பா இருக்கும்னு தோணும், ஆனா ஒவ்வொரு தடவை ஏத்தறப்பவும் யாரோ ஒருத்தர் அடையாளம் உள்ள வருது, அதுக்கு எதிரா ஆன்டிபாடி உருவாக வாய்ப்பு இருக்கு. ரத்தம் ஊற வைக்கற எரித்ரோபோய்ட்டின் ஊசி, அயர்ன் ஊசி ரெண்டையும் ஒழுங்கா போட்டா பல பேருக்கு ரத்தம் ஏத்தற நெலமையே வராது. ஏத்தியே ஆகணும்னா வெள்ளை அணு வடிகட்டின ரத்தம் கிடைக்குமான்னு கேளுங்க, ஏத்தின விஷயத்தை டிரான்ஸ்பிளான்ட் டீம்கிட்ட சொல்லிடுங்க, அவங்க ஆன்டிபாடி டெஸ்ட்ட திரும்ப பாப்பாங்க.

வீட்ல கொடுக்க ஆள் இருந்து சேரலைன்னா கதை முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. உங்கள மாதிரியே சேராம நிக்கற இன்னொரு குடும்பத்தோட மாத்திக்கற ஸ்வாப் முறைக்கு 2011-ல திருத்தின உறுப்பு மாற்று சட்டத்துலயே இடம் இருக்கு, தாத்தா பாட்டி பேரன் பேத்தியையும் நெருங்கின சொந்தம்னு அதுலதான் சேத்தாங்க. குரூப் சேராட்டியும் ஆன்டிபாடிய வடிச்செடுத்துட்டு மாத்தறாங்க, அதுக்கு செலவும் ஜாஸ்தி, இன்ஃபெக்ஷன் பயமும் ஜாஸ்தி. எனக்கு அம்மா இருந்தாங்க. பெத்தவங்களுக்கும் புள்ளைக்கும் பாதி அடையாளம் எப்பவும் சேரும், கூடப்பிறந்தவங்கன்னா நாலுல ஒரு வாய்ப்பு முழுசா சேர, நாலுல ஒரு வாய்ப்பு சுத்தமா சேராம போக.

ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிக்கவேண்டிய இன்னொன்னு தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி, நிமோனியா ஊசி, ஃப்ளூ ஊசி எல்லாம் போட்டுக்கங்க. சின்னம்மை வந்ததே இல்லைன்னா அதுக்கான ஊசி, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஊசி) போட்டதில்லைன்னா அது, ரெண்டும் உயிருள்ள கிருமில செஞ்ச ஊசி, மாத்தறதுக்கு நாலு வாரம் முன்னாடியாவது முடிச்சிடணும், மாத்தினப்புறம் போடவே கூடாது. வீட்ல கைக்குழந்தை இருந்தா போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமிதான், அது குழந்தை மலத்துல கொஞ்ச வாரம் வெளிய வரும், அதனால குழந்தைக்கு ஊசியா போடற போலியோ மருந்து போதுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அப்படியே சொட்டு போட்டாலும் அந்த வாரங்கள்ல டயாப்பர் மாத்தற வேலை உங்களுக்கு வேண்டாம்.

இப்ப மாத்திரைக்கு வரேன், இதுதான் உயிர்நாடி. பெரும்பாலானவங்களுக்கு மூணு மருந்து, டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், அப்புறம் ஸ்டீராய்டு, வைசோலோன்னு சொல்வாங்களே அது. இதுல டாக்ரோ (டாக்ரோலிமஸ்தான்) அளவு துல்லியமா இருக்கவேண்டிய மருந்து, கொஞ்சம் கொறஞ்சா உடம்பு கிட்னிய அடிக்க ஆரம்பிக்கும், கொஞ்சம் கூடினா அந்த மருந்தே கிட்னிய கெடுக்கும், கை நடுங்கும், சுகர் ஏறும், பொட்டாசியம் ஏறும். அதனாலதான் ரத்தத்துல லெவல் பாக்கறாங்க. முதல் மூணு மாசம் கொஞ்சம் கூட வெச்சிருப்பாங்க, அப்புறம் மெல்ல இறக்குவாங்க, உங்க எண் என்னன்னு கேட்டு எழுதி வெச்சுக்கங்க.

காலைல எட்டு, ராத்திரி எட்டு, இதுதான் என் நேரம். பன்னெண்டு மணிநேர மருந்துன்னா பன்னெண்டு மணிநேரம்தான், ஒன்பதரைக்கு சாப்பிட்டுக்கலாம்னு விட்டா அன்னிக்கு ஒன்னும் ஆகாது, அப்படியே பழக்கமாயிடும், அங்கதான் ஆபத்து. சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னாடி, இல்ல சாப்பிட்டு ரெண்டு மணிநேரம் கழிச்சு, எதுன்னாலும் தினமும் ஒரே மாதிரி. ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளை ரெண்டா போட்டுக்கறது கூடவே கூடாது, ஞாபகம் வந்ததும் போன் பண்ணி கேளுங்க. வாந்தி எடுத்தாலும் அப்படித்தான், எத்தனை நிமிஷத்துல எடுத்தீங்கன்னு பாத்து அவங்க சொல்வாங்க.

லெவல் டெஸ்ட்டுக்கு போற அன்னிக்கு காலை மாத்திரைய போடாம போகணும், ரத்தம் கொடுத்துட்டு அங்கயே போடணும். இத நான் ஆயிரம் தடவை சொல்லுவேன். போட்டுட்டு போனா லெவல் பொய்யா ஏறி காட்டும், அத நம்பி டோஸ கொறைப்பாங்க, நெஜத்துல அது ஏற்கனவே சரியாத்தான் இருந்திருக்கும், அடுத்த வாரத்துல இருந்து உங்க கிட்னிக்கு பாதுகாப்பு இல்ல. தெரியாம போட்டுட்டீங்கன்னா மறைக்காம சொல்லிட்டு திரும்பி வாங்க, அடுத்த நாள் போய் கொடுங்க. மாத்திரைய ஒரு டப்பால கையோட எடுத்துட்டு போறது என் பழக்கம், லேப்ல கூட்டமா இருந்தா வீடு திரும்ப பதினோரு மணி ஆயிடும்.

மெடிக்கல்ல "அந்த கம்பெனி இல்லம்மா, இதுவும் அதே மருந்துதான்"னு கொடுத்தா வாங்காதீங்க. பேர் ஒன்னா இருந்தாலும் கம்பெனி மாறினா லெவல் மாறலாம், ஒரு நாளைக்கு ஒரு வேளை போடறதும் ரெண்டு வேளை போடறதும் வேற வேற தயாரிப்பு, அத மாத்தி போட்டு அவஸ்தைப்பட்டவங்கள தெரியும். மாத்தித்தான் ஆகணும்னா டாக்டருக்கு தெரிஞ்சு மாத்தி, கொஞ்ச நாள்லயே லெவல் பாக்கணும். கைல எப்பவும் ரெண்டு வார ஸ்டாக் தனியா இருக்கணும். 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்போ பஸ் இல்ல, கூரியர் இல்ல, எனக்கு மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல, அலமாரில இருந்த அந்த ஸ்டாக்தான் என்ன காப்பாத்துச்சு. ரயில்ல போனா மாத்திரை பை மடியில, பெரிய பெட்டில போடாதீங்க.

பணம் இல்லாம மாத்திரைய பாதியாக்கறவங்க இருக்காங்க, அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா தயவுசெஞ்சு பாதியாக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில வாய்திறந்து சொல்லுங்க. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல கிட்னி மாற்று வருது, அரசு ஆஸ்பத்திரில மாத்திக்கறவங்களுக்கு இந்த மருந்து அங்கயே இலவசமா கொடுக்கறாங்க. சொல்ல வெட்கப்பட்டு கிட்னிய விட்டா திரும்ப வாரத்துக்கு ரெண்டு மூணு டயாலிசிஸ்தான்.

எனக்கு நடந்தத சொல்றேன். மாத்தி ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் தலைசுத்தலா இருந்துச்சு, நெப்ராலஜிஸ்ட் இருக்கற ஊருக்கு போக மூணு மணிநேரம் ஆகும்னு பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினேன். பல்ஸ் கம்மியா இருக்குன்னு பிரஷருக்கு போட்டுக்கிட்டிருந்த டில்டியாசெம்ம நிறுத்திட்டு வேற மாத்திரை கொடுத்தாங்க. அவங்க பாத்தது பிரஷர் மாத்திரைய. ஆனா டில்டியாசெம் டாக்ரோ லெவல ஏத்தி வெச்சிருக்கும், எங்க மாதிரி பல பேருக்கு அதுக்காகவே சேர்த்து கொடுக்கறாங்க, டாக்ரோ கம்மியா போதும், செலவும் கொறையும்னு. அத நிறுத்தினதும் டாக்ரோ டோஸ் அப்படியேதான் இருந்துச்சு, லெவல் மட்டும் சத்தமில்லாம இறங்கிடுச்சு. ஒரு வலி இல்ல, காய்ச்சல் இல்ல, யூரின் நல்லாத்தான் போச்சு. மாச டெஸ்ட்டுல ஆறுக்கு மேல இருக்கவேண்டிய லெவல் மூணு சொச்சம், கிட்னி வேலை கொறைஞ்சா ரத்தத்துல ஏறற கழிவு கிரியாட்டினின், அது ஒன்னுல இருந்து ஒன்னரை. கிட்னில ஊசி விட்டு துளி சதை எடுத்து பாக்கற பயாப்ஸி பண்ணினாங்க, ரிஜெக்ஷன் ஆரம்பிச்சிருக்குன்னு சொன்னாங்க, மூணு நாள் மெத்தில்ப்ரெட்னிசோலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஏத்தினாங்க. கிரியாட்டினின் 1.2-ல வந்து நின்னுச்சு, பழைய ஒன்னுக்கு திரும்பவே இல்ல. அந்த பக்கத்து பெட்ல உக்காந்திருந்த அம்மா முகத்த பாக்க முடியல என்னால, அவங்க கொடுத்தத நான் ஒரு போன் பண்ணாததால கொஞ்சம் தொலைச்சிட்டேன்.

அதனால வேற எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும், நிறுத்தினாலும், போடறதுக்கு முன்னாடி டிரான்ஸ்பிளான்ட் டீமுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு தர்ற ஃப்ளூகோனசோல் மாதிரி மருந்து டாக்ரோவ ஏத்தும். டிபிக்கு தர்ற ரிஃபாம்பிசின், வலிப்புக்கு தர்ற ஃபெனிட்டாயின், கார்பமசெபின் எல்லாம் இறக்கிடும், ரிஃபாம்பிசின் ரொம்ப மோசமா இறக்கும், நம்ம நாட்டுல டிபி சகஜம்ங்கறதால இத கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கங்க. மைக்கோபினோலேட்டுக்கு பதிலா அசாதயோப்ரின் போடறவங்க யூரிக் ஆசிட்டுக்கு அலோப்யூரினால் சேர்த்தா ரத்த அணுக்களே படுத்துடும். முட்டி வலின்னு போடற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் நேரா கிட்னிலயே கை வைக்கும், பாராசிட்டமால்தான் நமக்கு.

பழத்துல பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம், ரெண்டும் டாக்ரோவ ஏத்தும். கிரேப்ஃப்ரூட்னா திராட்சைன்னு நெனச்சு திராட்சைய விட்டவங்க இருக்காங்க, அது வேற, பெரிய ஆரஞ்சு மாதிரி இருக்கும். சீந்தில் பொடி, அமுக்கரா லேகியம், எதிர்ப்பு சக்தி ஏத்தற கஷாயம்னு அன்பா கொண்டு வந்து தருவாங்க. அவங்க உடம்புக்கு எப்படியோ, நமக்கு எதிர்ப்பு சக்திய அடக்கி வெச்சுத்தான் கிட்னி ஓடுது, அத தூண்டற எதையும் நாமளா எடுக்கறது நியாயமில்ல. கொரோனா சமயத்துல தெருவே குடிச்சுச்சு, நான் குடிக்கல.

பேதியும் சாதாரண விஷயம் இல்ல. வயித்தால போனா மருந்து வெளிய போயிடும், லெவல் கொறையும்னுதான் எல்லாரும் நெனைப்போம், டாக்ரோவுக்கு தலைகீழா நடக்கும், பேதில லெவல் ஏறிடும், ஒடம்புல தண்ணியும் இருக்காது, ரெண்டும் சேர்ந்து கிட்னிய அடிக்கும். மைக்கோபினோலேட்டே சில பேருக்கு பேதி ஆக்கும். ரெண்டு மூணு தடவை போச்சுன்னாலே கூப்பிட்டு சொல்லுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க.

எதிர்ப்பு சக்திய அடக்கி வெச்சதுக்கு விலை இன்ஃபெக்ஷன். முதல் ஆறு மாசம் ரொம்ப கவனம். செப்ட்ரான் மாத்திரை நிமோசிஸ்டிஸ்னு ஒரு நுரையீரல் இன்ஃபெக்ஷன தடுக்க, வால்கான்சிக்ளோவிர் சி.எம்.வி. வைரஸ தடுக்க. விலையா இருக்கு, நல்லாத்தானே இருக்கேன்னு ரெண்டாவது மாசமே நிறுத்திடறாங்க, சொன்ன நாள் முடியற வரைக்கும் போடுங்க. தண்ணி காய்ச்சி ஆறவெச்சது, ஆஃபாயில் வேண்டாம், பச்சைப்பால் வேண்டாம், ரோட்டோர பானிபூரி, வெட்டி வெச்ச பழம் வேண்டாம். கல்யாண வீட்டு வெல்கம் டிரிங்க்ல போடற ஐஸ் எந்த தண்ணின்னு நமக்கு தெரியாது. மண்ணுல கை வெச்சா கிளவுஸ், மாஸ்க். புறா எச்சம் கூட்டற வேலைய வேற யார்கிட்டயாவது விடுங்க, வீடு இடிக்கற தூசி பக்கமும் போகாதீங்க.

காய்ச்சல் 100.4 தொட்டா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணணும். ஸ்டீராய்டு போடறதால பெரிய இன்ஃபெக்ஷன்லயும் காய்ச்சல் லேசாத்தான் காட்டும். அதோட தினமும் காலைல வெயிட், பிரஷர், யூரின் அளவு ஒரு நோட்ல எழுதுங்க. ரெண்டு நாள்ல ஒன்றரை ரெண்டு கிலோ ஏறறது, கால் வீங்கறது, யூரின் கொறையறது, பிரஷர் ஏறறது, அடிவயித்துல கிட்னி வெச்ச இடத்துல வலி, இதெல்லாம் ரிஜெக்ஷனோட அறிகுறி. ஆனா எனக்கு இதுல ஒன்னுமே வரலைங்கறத பாத்தீங்கல்ல, அதனால ரத்த டெஸ்ட் தேதிய மட்டும் தள்ளிப்போடவே கூடாது. லேப் பேப்பர்ல நார்மல் ரேஞ்ச் 1.3 வரைக்கும்னு இருக்கலாம், அத பாக்காதீங்க, உங்களோட வழக்கமான எண் என்னவோ அதுல இருந்து கால் பங்கு ஏறினாலே விஷயம் இருக்கு. 0.9-ல இருக்கறவங்களுக்கு 1.2 நார்மல் கிடையாது.

கிரியாட்டினின் ஏறினா பயாப்ஸி பண்ணனும்னு சொன்னா பயந்து தள்ளிப்போடறாங்க, ஊசி கிட்னிக்குள்ள போகுதேன்னு. ஏன் தேவைன்னா, கிரியாட்டினின் ஏறறதுக்கு ரிஜெக்ஷனும் காரணமா இருக்கலாம், எதிர்ப்பு சக்தி அடங்கி இருக்கறப்போ கிட்னிய தாக்கற பி.கே. வைரஸும் காரணமா இருக்கலாம். ரிஜெக்ஷன்னா எதிர்ப்பு சக்திய இன்னும் அடக்கணும். பி.கே. வைரஸ்னா அடக்கறத கொறைக்கணும். வெளிய பாக்க ரெண்டும் ஒன்னு, வைத்தியம் நேர் எதிர், ஊகத்துல ஒன்ன பண்ணி அது மத்ததா இருந்தா கிட்னி போயிடும். பி.கே. வைரஸுக்கு முதல் வருஷத்துல ரத்தம் பாக்கற டெஸ்ட் எழுதினா அதையும் விடாதீங்க, கிட்னிய தொடறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சிடும்.

பொண்ணுங்களுக்கு தனியா ஒன்னு. மாத்தினப்புறம் மாதவிலக்கு ஒழுங்காகி கரு தங்கற வாய்ப்பு சீக்கிரமே திரும்பி வந்துடும், பல பேர் எதிர்பாக்கறதில்ல. மைக்கோபினோலேட் கருவ பாதிக்கும், குழந்தை வேணும்னா குறைஞ்சது ஒரு வருஷமாவது போகட்டும், ஆறு வாரம் முன்னாடியே டாக்டர் அத நிறுத்திட்டு அசாதயோப்ரினுக்கு மாத்துவாங்க. கரு தங்கினது தெரிஞ்சதும் பயந்து நீங்களா எல்லாத்தையும் நிறுத்தினா ரிஜெக்ஷன் வரும், அப்ப தாய்க்கும் ஆபத்து புள்ளைக்கும் ஆபத்து. இது எல்லாருக்கும்: வெயில்ல போறப்போ முழுக்கை, குடை, ஏன்னா எதிர்ப்பு சக்திய அடக்கற இந்த மருந்து வருஷக்கணக்கா போடறவங்களுக்கு தோல் கேன்சர் ஜாஸ்தி, புதுசா மச்சமோ ஆறாத புண்ணோ வந்தா காட்டுங்க.

என் பர்ஸ்ல ஒரு அட்டை இருக்கு, கிட்னி மாத்தினவங்க, தேதி, போடற மாத்திரை எல்லாம் டோஸோட, டில்டியாசெம் உட்பட, கீழ "எதையும் நிறுத்தறதுக்கு முன்னாடி இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு கோஆர்டினேட்டர் நம்பர். வீட்டுக்காரர் பர்ஸ்ல ஒன்னு, பெரிய பையன் போன்ல ஒரு போட்டோ. டோஸ் மாறினா அன்னிக்கே பழசை கிழிச்சிட்டு புதுசு எழுதிடுவோம்.